லாரித் தண்ணீர், சம்ப், ஆர்ஓ: ஆபீஸ் கட்டடத்தில் கிருமியை எங்கே தேடுவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: பெருங்குடியில் மூன்று மாடி வாடகைக் கட்டடம், அறுபது பேர் வேலை பார்க்கும் ஆபீஸ். லாரித் தண்ணீரும் போர்வெல் தண்ணீரும் ஒரே சம்ப்பில் (தரைக்கு அடியில் உள்ள தொட்டியில்) விழுகின்றன. அங்கிருந்து மாடி டேங்க், குடிக்க மட்டும் ஆர்ஓ சுத்திகரிப்பு இயந்திரம். வெளிநாட்டு கிளையன்ட் அனுப்பிய படிவத்தில் "லெஜியோனெல்லா ரிஸ்க் அசெஸ்மென்ட் செய்திருக்கிறீர்களா" என்று ஒரு கட்டம் இருக்கிறது; அதாவது, நிமோனியா தரும் ஒரு தண்ணீர்க் கிருமியால் கட்டடத்தில் எவ்வளவு ஆபத்து என்ற மதிப்பீடு. ஓனரைக் கேட்டால் "ஆர்ஓ இருக்கே, அப்புறம் என்ன" என்கிறார். எந்த டெஸ்ட் எடுத்தால் போதும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது, இந்தத் தண்ணீரால் யாருக்காவது ஏதாவது ஆகுமா, ஆகாமலிருக்க யார் என்ன செய்யவேண்டும் என்பதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். மைக்ரோபயாலஜி படித்துவிட்டுப் பல வருஷமாகச் சென்னைக் கட்டடங்களின் தண்ணீர்ப் பராமரிப்பில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் கட்டடத்தை நேரில் பார்க்காததால் குழாய் எங்கே எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்த விஷயங்களை நீங்கள்தான் நடந்து பார்த்து முடிவு செய்யவேண்டும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க் கிருமிகள் நம்மை இரண்டு வழியில் தாக்குகின்றன. குடிப்பதால் வருபவை ஒரு வகை: டைஃபாய்டு, காலரா, ஈ.கோலை தரும் வயிற்றுப்போக்கு. இவை பெரும்பாலும் சாக்கடை கலப்பதால் வருகின்றன. இன்னொரு வகை, நுண்ணிய நீர்த்துளிகளை மூச்சோடு இழுப்பதால் வருவது. அதில் முக்கியமானது லெஜியோனெல்லா. இது சாக்கடையிலிருந்து வரவேண்டிய அவசியமே இல்லை. நல்ல தண்ணீரிலேயே மிகக் குறைந்த அளவில் இருக்கும். கட்டடத்துக்குள் வந்து, தேங்கி, வெதுவெதுப்பான இடம் கிடைத்தால் பெருகும். உங்கள் கிளையன்ட் கேட்பது இரண்டாவது வகையைப் பற்றி. பெருங்குடியில் லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் ஆபீசுக்கு நான் முதலில் கவலைப்படுவது முதல் வகையைப் பற்றி. இரண்டுக்கும் செய்யவேண்டிய வேலைகளில் பாதி ஒன்றுதான் என்பது நல்ல விஷயம்.

லெஜியோனெல்லாவில் உறுதியாகத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1976 ஜூலையில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ஓர் ஓட்டலில் முன்னாள் ராணுவத்தினர் மாநாடு நடந்தது. வந்தவர்களில் பலர் கடுமையான நிமோனியாவில் விழுந்தார்கள், 29 பேர் இறந்தார்கள். மாதக்கணக்கில் காரணம் தெரியவில்லை. 1977 ஜனவரியில்தான் அதுவரை யாரும் கண்டறியாத ஒரு பாக்டீரியா என்று அறிவித்தார்கள். இது சாதாரணமாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. கிருமி உள்ளே போய் 2 முதல் 14 நாளுக்குள் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் தொடங்கும். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், புகைபிடிப்பவர்கள், நுரையீரல் நோய், சர்க்கரை நோய் உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். ஆபீஸ் என்றால் எல்லோரும் இருபத்தைந்து வயதுக்காரர்கள் என்று நினைக்கவேண்டாம். ராத்திரி செக்யூரிட்டியும் ஹவுஸ்கீப்பிங் அம்மாவும் எந்த வயது என்று பாருங்கள். கழிவறையைக் கழுவும்போது தெறிக்கும் தண்ணீருக்கு மிக அருகில் இருப்பவரும் அந்த அம்மாதான்.

"சென்னையில் இந்த நோய் வந்ததாகக் கேள்விப்பட்டதே இல்லையே" என்று ஓனர் சொல்லலாம். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நிமோனியாவோடு வருபவருக்கு இந்தக் கிருமியைத் தேடித் தனியாகச் சிறுநீர்ப் பரிசோதனையோ சளிப் பரிசோதனையோ செய்தால்தான் தெரியும். பல இடங்களில் அதைச் செய்யாமலேயே ஆன்டிபயாடிக் கொடுத்துவிடுவார்கள், நோயாளியும் தேறிவிடுவார். தேடாத ஒன்று கண்ணில் படாது. அதற்காக ஊரெங்கும் பரவியிருக்கிறது என்றும் நான் சொல்லவில்லை.

இன்னொரு பயத்தையும் இங்கேயே போக்கிவிடலாம். சுவரில் மாட்டிய ஸ்பிளிட் ஏசியால் லெஜியோனெல்லா பரவும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஸ்பிளிட் ஏசியில் சொட்டுவது காற்றிலிருந்து குளிர்ந்து இறங்கும் நீர்; அது டியூப் வழியாக வெளியே போய்விடும், அறைக்குள் துளியாகச் சிதறாது. ஏசி என்ற பெயரில் ஆபத்தானது பெரிய கட்டடங்களின் மொட்டை மாடியில் இருக்கும், தண்ணீரைத் தெளித்து ஏசியின் சூட்டை ஆற்றும் கூலிங் டவர்தான். உங்களுடையது மூன்று மாடிக் கட்டடம், அனேகமாக அது இருக்காது. ஆனால் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிறதா என்று ஒரு நடை பார்த்துவிடுங்கள்; டவரின் துளிகள் காற்றில் நெடுந்தூரம் போகும்.

இப்போது நான் மிகவும் முக்கியமாக நினைக்கும் விஷயம். உங்கள் கிளையன்டின் படிவம் குளிர்நாட்டில் எழுதப்பட்டது. அங்கே முதல் விதி, குளிர்ந்த தண்ணீரை 20 டிகிரிக்குக் கீழே வை, சுடுதண்ணீரை 60 டிகிரியில் சேமித்து வை என்பது. லெஜியோனெல்லா பெருகுவது சுமார் 20-இலிருந்து 45 டிகிரி வரை, அதற்கு மிகவும் பிடித்தது நம் உடம்புச் சூட்டை ஒட்டிய 35, 36 டிகிரி. 60-க்கு மேல் செத்துவிடும். அந்த நாடுகளில் வெப்பநிலையே பாதிக் காவலைப் பார்த்துக்கொள்கிறது. சென்னையில் மார்கழி விடிகாலையில்கூடக் குழாய்த் தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே போகாது. கத்திரி வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு மாடி டேங்க்கிலிருந்து வரும் தண்ணீரில் கை கழுவிப் பாருங்கள், வெந்நீர் மாதிரி இருக்கும். அதாவது நம் ஊரில் "பச்சைத் தண்ணீர்க் குழாய்" முழுவதுமே வருஷம் பூராவும் கிருமி வளரும் வெப்பநிலையில்தான் இருக்கிறது. ஆகவே அந்தப் படிவத்தை அப்படியே பின்பற்றி மாதம் ஒருமுறை தெர்மாமீட்டர் வைத்து எழுதுவதில் பலனில்லை. வெப்பநிலை என்ற காவல் போய்விட்டால் நமக்கு மிச்சம் இருப்பவை மூன்று: தண்ணீரில் மீதமிருக்கும் குளோரின், தண்ணீர் தேங்காமல் ஓடுவது, டேங்க் சுத்தம். உங்கள் பணத்தையும் ஆளையும் இந்த மூன்றில் போடுங்கள்.

குளோரினில் தொடங்குகிறேன். ஐஎஸ் 10500 என்ற நம் குடிநீர்த் தரநிலை, குளோரின் போட்ட தண்ணீரில் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் தனிக் குளோரின் (வேறு எதோடும் சேராமல் இருக்கும் குளோரின்) மீதமிருக்க வேண்டும் என்கிறது. மெட்ரோ வாட்டர் நிரப்பும் இடத்திலிருந்து வரும் லாரியில் பொதுவாக இது இருக்கும். ஊருக்கு வெளியே விவசாயக் கிணற்றில் நிரப்பி வரும் தனியார் லாரியில் இருக்குமா என்பது அந்த ஓட்டுநரைப் பொறுத்தது. 2019 கோடையில் ஏரிகள் வற்றி, ஓஎம்ஆர் கம்பெனிகள் ஆட்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்ன சமயத்தில், லாரி வந்தால் போதும் என்று எல்லோரும் இருந்தோம். எங்கிருந்து வருகிறது என்று கேட்க யாருக்கும் தெம்பில்லை. அந்தப் பழக்கம் இன்னும் பல கட்டடங்களில் தொடர்கிறது. லாரி வந்ததும் ஹோஸைச் சம்ப்பில் இறக்குவதற்கு முன்னால் ஒரு டம்ளர் பிடித்து குளோரின் பாருங்கள். இரண்டு நிமிஷ வேலை. அப்படியே அந்த ஹோஸையும் பாருங்கள். ரோட்டில் இழுத்துக்கொண்டு வந்த, மண்ணும் மாட்டுச் சாணமும் ஒட்டிய முனையை அப்படியே சம்ப்புக்குள் நுழைப்பார்கள். முனையைக் கழுவி, தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே நிறுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள்.

எந்தக் கிட் என்பதும் முக்கியம். மஞ்சள் நிறம் காட்டும் ஓடிஓ சொட்டு மருந்து விலை குறைவு, ஆனால் அது மொத்தக் குளோரினைக் காட்டும். போர் தண்ணீரில் அம்மோனியா இருந்தால், போட்ட குளோரின் அதோடு சேர்ந்து கிருமியைக் கொல்லும் வேகத்தை இழந்திருக்கும். ஓடிஓ மட்டும் மஞ்சளாகி "இருக்கிறது" என்று சொல்லும். தனிக் குளோரினைக் காட்டுவது இளஞ்சிவப்பு நிறம் வரும் டிபிடி மாத்திரை. போர் தண்ணீர் கலக்கும் உங்கள் சம்ப்புக்கு டிபிடிதான் வாங்கவேண்டும். குளோரின் குறைந்தால் கணக்கு எளிது: 10,000 லிட்டர் தண்ணீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்ற 10 கிராம் குளோரின் வேண்டும். 33 சதவீத வலிமை உள்ள புது பிளீச்சிங் பவுடர் என்றால் சுமார் 30 கிராம். பவுடரை நேரே கொட்டாமல் பக்கெட்டில் கரைத்து, தெளியவைத்து, மேல் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். திறந்து கிடந்த மூட்டை நாள் ஆக ஆக வீரியம் இழக்கும், அதனால் கணக்கை நம்பாமல் கிட்டை நம்புங்கள். பார்க்கவேண்டிய இடம் சம்ப் மட்டுமில்லை. மேல் மாடியில் கடைசிக் குழாயில் 0.2 இருக்கிறதா என்பதே கேள்வி.

இங்கே ஒரு சந்தேகத்தையும் சொல்லவேண்டும். 0.2 மில்லிகிராம் என்பது வயிற்று நோய்க் கிருமிகளுக்கு நல்ல காவல். லெஜியோனெல்லாவுக்கு அது போதும் என்று யாராலும் உத்தரவாதம் தரமுடியாது, ஏனென்றால் அது குழாய்ச் சுவரில் படியும் வழுவழுப்பான படலத்துக்குள்ளும், அங்கே வாழும் அமீபாக்களுக்கு உள்ளேயும் ஒளிந்துகொள்ளும். குளோரின் அதன் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும், அடியோடு ஒழிக்காது. அதனால்தான் மற்ற இரண்டும் வேண்டியிருக்கிறது.

ஓனர் பெருமைப்படும் ஆர்ஓ பற்றி. ஆர்ஓ மெம்பிரேன் உப்பையும் கிருமியையும் நன்றாகவே தடுக்கும், அதில் சந்தேகம் இல்லை. பிரச்சினை அதற்குப் பிறகு. மெம்பிரேனைக் குளோரின் அரித்துவிடும் என்பதால் அதற்கு முன்னாலேயே கார்பன் ஃபில்டர் வைத்துக் குளோரினை எடுத்துவிடுகிறார்கள். ஆக, ஆர்ஓவுக்குப் பின்னால் உள்ள சேமிப்புத் தொட்டியில் இருக்கும் தண்ணீருக்குக் காவலே கிடையாது. யூவி (புற ஊதா) விளக்கு இருந்தாலும் அதைக் கடக்கும் நொடியில் கொல்வதோடு அதன் வேலை முடிந்தது, அடுத்து வரும் குழாயைக் காப்பாற்றாது. கட்டடத்திலேயே சுத்தமானது என்று நாம் நம்பும் தண்ணீர்தான் மறுபடி கெட்டுப்போக மிகச் சுலபமானது. நாளைக்கே ஒரு சோதனை செய்யுங்கள்: டிஸ்பென்சரின் குழாய் முனையைக் கழற்றி, உள்பக்கத்தை வெள்ளை டிஷ்யூவால் துடையுங்கள். பழுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ வழவழவென்று ஏதாவது ஒட்டினால் அதுதான் நான் சொன்ன படலம். எச்சில் கையோடு பாட்டில் வாயை அந்த முனையில் முட்டித்தான் எல்லோரும் தண்ணீர் பிடிக்கிறார்கள். மெம்பிரேனை மாற்ற வருஷ ஒப்பந்தம் போடுகிறோம், இந்த முனையைக் கழுவ யாரையும் நியமிப்பதில்லை. வாரம் ஒருமுறை கழற்றி, குளோரின் கரைசலில் ஊறவைத்து, கழுவி மாட்டச் சொல்லுங்கள். சேமிப்புத் தொட்டியை மாதம் ஒருமுறை. கேன் தண்ணீர் வைத்திருந்தாலும் இதே கதைதான். உரிமம் எண்ணும் நிரப்பிய தேதியும் இல்லாத கேனைத் திருப்பி அனுப்புங்கள்.

அடுத்தது சம்ப். சென்னையில் வாசலில் இறங்கினால் ஒரு மூடி சம்ப், நாலடி தள்ளி இன்னொரு மூடி சாக்கடைச் சேம்பர். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு செங்கல் சுவரும் கொஞ்சம் மண்ணும். சாக்கடை அடைத்து நிரம்பினால், சம்ப் சுவரில் விரிசல் இருந்தால், மணமே தெரியாத அளவுக்குக் கசிந்து உள்ளே வரும். லெஜியோனெல்லாவைவிட இதுதான் உங்கள் ஆபீசில் பத்துப் பேரை ஒரே நாளில் படுக்கவைக்கக்கூடியது என்பது என் அபிப்பிராயம். சம்ப்பில் தண்ணீர் குறைவாக இருக்கும் ஒரு நாளில் டார்ச் அடித்து, சேம்பர் பக்கச் சுவரில் ஈரத் திட்டோ வேரோ தெரிகிறதா என்று பாருங்கள். மூடியின் விளிம்பு தரையைவிட அரை அடியாவது உயர்ந்திருக்கவேண்டும். இல்லையென்றால் தெருவில் நிற்கும் மழைநீர் நேரே உள்ளே இறங்கும். மொட்டை மாடி மழைநீரைச் சம்ப்பில் விட்டிருந்தால் முதல் மழையை வெளியே திருப்பிவிட வால்வு வேண்டும், இல்லையேல் புறா எச்சம் எல்லாம் உள்ளே வந்துவிடும். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் நடந்ததுபோல் சம்ப் மூழ்கிவிட்டால் அந்தத் தண்ணீருக்குக் குளோரின் போட்டுக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். முழுவதையும் இறைத்துக் கொட்டிவிட்டு, தேய்த்துக் கழுவி, நிரப்பி, லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரினில் சில மணி நேரம் வைத்து, அதையும் வெளியேற்றியபிறகு பயன்படுத்துங்கள். 10,000 லிட்டருக்கு இது ஒன்றரைக் கிலோ பிளீச்சிங் பவுடர். அந்தக் குளோரின் தண்ணீரை ஆர்ஓவுக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சுத்தம் செய்ய ஆள் இறங்குவதைப் பற்றிக் கண்டிப்பாக ஒன்று சொல்லவேண்டும். குடிதண்ணீர்ச் சம்ப்தானே என்று அலட்சியமாக இறக்கிவிடுகிறார்கள். நாள்பட மூடிக்கிடந்த சம்ப்பில் ஆக்சிஜன் குறைந்திருக்கும், அதில் மயங்கி விழுந்து சாகிறார்கள், தூக்கப் போனவரும் சேர்ந்து சாகிறார். எல்லா மூடியையும் நெடுநேரம் திறந்துவைத்து, ஃபேன் வைத்துக் காற்று ஊதி, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஒருவர் நின்றால்தான் இறங்க விடுங்கள். உள்ளே இருக்கும்போது பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் சேர்த்துப் புழங்கவே கூடாது, விஷவாயு வரும். பம்பும் லாரித் தண்ணீரும் வைத்து வெளியிலிருந்தே கழுவ முடிந்தால் அதுவே மேல்.

தேக்கம் பற்றிச் சுருக்கமாக. 2020 ஊரடங்கில் மாதக்கணக்கில் பூட்டிக்கிடந்த ஆபீஸ்களில் தண்ணீர் குழாயிலேயே நின்றது. திறப்பதற்கு முன் எல்லாக் குழாயையும் ஓடவிடச் சொல்லி உலகமெங்கும் அறிவுறுத்தினார்கள். இப்போது செவ்வாய் முதல் வியாழன் வரை மட்டும் ஆள் வரும் மாடிகளில் அதே தேக்கம் வாராவாரம் நடக்கிறது. வாரத்தில் ஆள் வரும் முதல் நாள் காலை, ஆட்கள் வருமுன், ஒவ்வொரு குழாயையும் சில நிமிஷம் திறந்துவிடச் சொல்லுங்கள். ஷவர் இருந்தால் துளி பறக்காமல் ஒரு துணியைக் கட்டி மெதுவாகத் திறக்கவேண்டும். முன்பு பேன்ட்ரி இருந்து எடுத்துவிட்ட இடத்தில் முனை மூடிய குழாய்த் துண்டு நிற்கிறதா என்று பாருங்கள்; அதற்குள் வருஷக்கணக்கான தண்ணீர் இருக்கும், கிளைக் குழாயின் தொடக்கத்திலேயே வெட்டிவிடச் சொல்லுங்கள். கழிவறை ஹெல்த் ஃபாசெட் விஷயத்தில் எனக்கே உறுதியில்லை. வெதுவெதுப்பான தண்ணீர் ரப்பர் டியூபில் நின்று பிறகு ஸ்பிரேயாக வருகிறது என்பதால் கோட்பாட்டளவில் அது ஒரு வழிதான். நடைமுறையில் எவ்வளவு ஆபத்து என்று சொல்ல ஆதாரம் போதாது. ஓடவிடுவதற்குச் செலவு இல்லாததால் அதையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். கீசர் இருந்தால் மின்சாரத்தை மிச்சப்படுத்த 45 டிகிரியில் வைக்காதீர்கள். 60-இல் வையுங்கள், சுடாமலிருக்கக் குழாயருகே கலந்துகொள்ளலாம்.

சரி, நீங்கள் கேட்ட டெஸ்ட். குடிநீருக்கு 100 மில்லியில் ஈ.கோலையும் கோலிஃபார்மும் (அசுத்தக் கலப்பைக் காட்டும் பாக்டீரியாக்கள்) இருக்கக்கூடாது என்பது ஐஎஸ் 10500. சம்ப், மாடி டேங்க், ஆர்ஓ குழாய் முனை மூன்றிலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பெருமழைக்குப் பிறகும் எடுங்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தண்ணீர்ப் பரிசோதனை உண்டு. தனியார் லேப் என்றால் என்ஏபிஎல் (பரிசோதனைக்கூடங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் இந்தப் பரிசோதனைக்கே இருக்கிறதா என்று கேளுங்கள். சாம்பிள் எடுக்க வரும் பையன் காலி மினரல் வாட்டர் பாட்டிலோடு வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். கிருமிநீக்கிய பாட்டில், உள்ளே குளோரினை முறிக்கும் தயோசல்ஃபேட், ஐஸ் பெட்டி, அன்றைக்கே லேப் என்பதுதான் முறை. லெஜியோனெல்லாவுக்கு ஐஎஸ் 10500-இல் அளவு எதுவும் இல்லை. அது சாதாரண பாக்டீரியா எண்ணிக்கை டெஸ்ட்டில் வளரவும் வளராது. தனி ஊடகத்தில் பத்து நாள் வரை வளர்த்துப் பார்க்கவேண்டும். ஆகவே "டோட்டல் கவுன்ட் நில்" என்ற ரிப்போர்ட்டைக் காட்டி லெஜியோனெல்லா இல்லை என்று எழுதினால் அது தவறு. கூலிங் டவரும் ஷவரும் இல்லையென்றால் உங்கள் ஆபீசில் அந்த டெஸ்ட்டை முதல் வேலையாகச் செய்யச் சொல்லமாட்டேன். ஒரு நாள் சாம்பிள் அந்த ஒரு நாளைப் பற்றித்தான் பேசும். தினமும் எழுதும் குளோரின் அளவு அதைவிட அதிகம் சொல்லும்.

படிவத்தில் "ஆம்" என்று டிக் அடித்து அனுப்பாதீர்கள். அவர்கள் கேட்பது காகிதத்தில் ஒரு மதிப்பீடு, அதை நீங்களே தொடங்கலாம். லாரி ஹோஸிலிருந்து கடைசிக் குழாய்வரை தண்ணீர் போகும் பாதையை ஒரு தாளில் வரையுங்கள். எங்கே தேங்குகிறது, எங்கே துளியாகச் சிதறுகிறது, எங்கே குளோரின் இல்லாமல் போகிறது என்று குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் என்ன செய்கிறீர்கள், யார் செய்கிறார், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று பக்கத்தில் எழுதுங்கள். கூலிங் டவரும் ஷவரும் இல்லையென்றால் அதையும், உள்ளூர் வெப்பநிலை காரணமாக 20 டிகிரி விதி இங்கே பொருந்தாது, அதற்குப் பதில் குளோரினையும் நீரோட்டத்தையும் கண்காணிக்கிறோம் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். விஷயம் தெரிந்த ஆடிட்டர் அதை ஏற்றுக்கொள்வார். சம்ப்பும் மாடி டேங்க்கும் ஓனர் பொறுப்பா, ஆர்ஓவும் குழாய் முனையும் உங்கள் பொறுப்பா என்பதை வாடகை ஒப்பந்தத்தைப் பார்த்து ஓனரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் பார்த்த கட்டடங்களில் தண்ணீர் பெரும்பாலும் கெட்டுப்போவது, இருவரும் அடுத்தவர் பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்த இடங்களில்தான். டிபிடி கிட்டும் ஒரு நோட்டும் வாங்கி, லாரியை வாங்கும் செக்யூரிட்டியிடமே கொடுத்து, அவருக்கு ஒருமுறை செய்துகாட்டுங்கள். நிறம் வரவில்லை என்றால் லாரியைத் திருப்பி அனுப்பவோ, இறக்கிவிட்டு உங்களைக் கூப்பிடவோ அவருக்கு அதிகாரம் உண்டு என்பதையும் அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.